வேஷம் கட்ட வயது வரம்பு உண்டா?

வாசகர் கேள்வி – பதில்

மாறுவேடம் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி பெங்களூரு வாசகர்களிடம் கேட்டிருந்தோம். எல்.கே.ஜி. குழந்தைக்கு என்ன வேஷம் போடலாம் என்று வந்தவை சொற்பம். மீதியெல்லாம் பதின்வயதுப் பிள்ளைகளையும் தலை நரைத்தவர்களையும் பற்றியவை. நாடக ஒப்பனை, உடை தைத்தல், கவசம் செய்தல் தெரிந்தவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. பாரதியார், கட்டபொம்மன், முருகன் என்று வருஷம் தவறாமல் வேஷம் போட்டவன். இப்போது கேட்டால் "அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்மா" என்கிறான். ஆனால் ராத்திரியெல்லாம் கவசம் செய்கிற வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆசை இருக்கிறதா, இல்லையா?
– அல்சூர் வாசகி

பதில்: இருக்கிறது. அவனுக்கு அலுத்துப்போனது வேஷமல்ல. நாற்காலியில் உட்காரவைத்து அம்மா மீசை வரைவதும், மேடையேறி இரண்டு வரி ஒப்பித்துவிட்டு இறங்குவதும்தான் அலுத்துவிட்டன. நம் பழைய நாடக உலகத்துக்கு இந்த வயது நன்றாகத் தெரியும். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்தில், சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிகளில் ராஜபார்ட்டும் (கதாநாயகன்) பையன்தான், ஸ்திரீபார்ட்டும் (பெண் வேஷம்) பையன்தான். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பழைய பார்ட் போய்விடும். புதுக் குரலுக்கு ஏற்ற வேறொன்றைத் தேட வேண்டும்.

உங்கள் மகன் தேடுவதும் அப்படி ஒன்றைத்தான். இனி வேஷத்தைத் தேர்ந்தெடுப்பதும் செய்வதும் அவன் வேலையாக இருக்கட்டும். கொஞ்சம் பணமும் பால்கனியில் ஒரு மூலையும் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். ஹீட் கன்னும் (சூட்டுக் காற்று அடிக்கும் கருவி) பசையும் எடுக்கும்போது மட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். உறவினர் வந்தால் "போட்டுக் காட்டுடா கண்ணா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அத்தோடு எல்லாம் பெட்டிக்குள் போய்விடும்.

கேள்வி: ஈவா ஃபோம் (மெத்தென்ற நுரைத் தகடு) வாங்கி நானே கவசம் செய்தேன். மார்புத் தகடு மூச்சுவிட முடியாமல் இறுக்குகிறது, தோள்பட்டை ஒட்டு பிரிந்துவிட்டது, பெயின்ட் வெடித்து உதிர்கிறது. விளக்கும் பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. எங்கே தவறு?
– கல்லூரி மாணவி, காக்ஸ் டவுன்

பதில்: ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இறுக்கம்: உடம்பின் மேல் எடுத்த அளவை அப்படியே ஃபோமில் வெட்டியிருப்பீர்கள். ஃபோமுக்குத் தடிமன் உண்டு. உடம்பைச் சுற்றி வளைக்கும்போது அந்தத் தடிமன் சுற்றளவைத் தின்றுவிடும். 10 மி.மீ. ஃபோம் என்றால் சுற்றளவில் 3 செ.மீ. கூட்ட வேண்டும், 5 மி.மீ. என்றால் ஒன்றரை செ.மீ. இதற்கு மேல் மூச்சுக்கும் உள்ளே போடும் பனியனுக்கும் இன்னொரு 4 செ.மீ. விடுங்கள். அளவெடுக்க நல்ல வழி: பழைய டி-ஷர்ட் போட்டு, அதன் மேல் சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதற்கும் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, பேனாவால் கோடு போட்டு, தோழியை விட்டு முதுகுப் பக்கம் வெட்டி எடுப்பது. பாதி உடம்புக்கு அச்சு எடுத்தால் போதும். மறுபாதிக்கு அதையே திருப்பிப் போடலாம். பக்கவாட்டை ஒட்டி மூடாதீர்கள். எலாஸ்டிக் பட்டையும் கிளிப்பும் வையுங்கள். உடம்பு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அடுத்த வருஷமும் உதவும்.

ஒட்டு பிரிவது: பெரும்பாலும் அவசரம்தான் காரணம். ஃபெவிகால் எஸ்.ஆர். 998 மாதிரியான ரப்பர் பசையை இரண்டு விளிம்பிலும் மெல்லிசாகப் பூசிவிட்டு ஐந்து முதல் பத்து நிமிடம் காயவிட வேண்டும். விரலால் தொட்டால் பிசுக்கென்று இருக்க வேண்டும், ஆனால் விரலில் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. அப்போது சேர்த்து அழுத்தினால் பிடித்த பிடி விடாது. ஈரமாகச் சேர்த்தால் உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வழியில்லாமல் நாள் முழுக்கக் கொழகொழவென்றே கிடக்கும். மழைக்காலத்தில் இன்னும் சில நிமிடம் கூடுதலாகக் காத்திருங்கள். ஒரு முறை சேர்த்துவிட்டால் நகர்த்த முடியாது. ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். விளிம்பை மழுங்கிய பிளேடால் வெட்டியிருந்தாலும் பிரியும், ஏனென்றால் பிசிறின் மேல் பசை நிற்காது. கட்டர் பிளேடின் முனையை அடிக்கடி ஒடித்துப் புது முனைக்கு வாருங்கள். வேலையெல்லாம் ஜன்னல் திறந்த இடத்தில், அடுப்புப் பக்கமே போகாமல் நடக்கட்டும். அந்தப் பசையின் ஆவி தீப்பற்றும், தலையும் சுற்றும்.

பெயின்ட்: ஃபோம் பஞ்சு மாதிரி, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது. முதலில் ஹீட் கன்னைப் பத்து செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓர் இடத்தில் நிறுத்தாமல் வீசிக்கொண்டே போங்கள். மங்கலாக இருந்த மேற்பரப்பு லேசாகப் பளபளக்கும்போது துளை அடைபட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் காட்டினால் சுருங்கும். தலை உலர்த்தும் டிரையருக்குப் பொதுவாக அந்தச் சூடு போதாது. வளைவு கொடுக்க வேண்டிய பாகத்தை இந்தச் சூட்டிலேயே தொடையில் வைத்து வளைத்து, ஆறும் வரை பிடியுங்கள். பிறகு வெள்ளை ஃபெவிகாலில் அதே அளவு தண்ணீர் கலந்து மூன்று நான்கு பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. அதன் மேல் கறுப்பு அக்ரிலிக். அது காய்ந்ததும், பிரஷ்ஷில் இருக்கும் வெள்ளி நிறத்தைக் காகிதத்தில் துடைத்துவிட்டு, கிட்டத்தட்ட வறண்ட பிரஷ்ஷால் மேடான இடங்களில் மட்டும் தடவினால் இரும்பு மாதிரியே இருக்கும். முட்டி, இடுப்பு மாதிரி மடங்கும் இடங்களில் இந்தப் பூச்சு வெடிக்கத்தான் செய்யும். ஃபெவிகால் காய்ந்தால் வளையாது. அங்கே ஒரே தகடாக வைக்காமல் இரண்டாகப் பிரித்து, நடுவே கறுப்புத் துணி தைத்துவிடுங்கள். மழையில் நனைந்தாலும் ஃபெவிகால் பூச்சு வெண்மையாகி இளகும். கடைசியாக ஒரு கோட் வார்னிஷ் அடித்தால் தப்பிக்கும்.

விளக்கு: பவர் பேங்கில் இணைத்திருப்பீர்கள். சில எல்.ஈ.டி. இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. போன் சார்ஜ் ஏறி முடிந்துவிட்டது என்று நினைத்து பவர் பேங்க் தானே அணைந்துவிடும். பென் டார்ச் பேட்டரி மூன்றைப் போடும் பெட்டி (4.5 வோல்ட்) எஸ்.பி. ரோட்டில் எந்த எலெக்ட்ரானிக் கடையிலும் கிடைக்கும். எல்.ஈ.டி.க்கு ஏற்ற ரெசிஸ்டரையும் கடைக்காரரையே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு சிக்கனம்: முதல் முயற்சிக்குப் புது ஷீட் வாங்க வேண்டாம். குழந்தைகள் விளையாடத் தரையில் கோர்த்து விரிக்கும் புதிர்ப் பாய் பெரும்பாலும் இதே ஈவாதான். யோகா பாய் அப்படியல்ல. பலவும் வேறு பொருள், சூட்டுக்குச் சொன்னபடி கேட்காது.

கேள்வி: ஒயிட்ஃபீல்டில் நடக்கும் காமிக் கான் (காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் விழா) மாதிரி விழாவுக்கு வேஷத்தோடு மெட்ரோவில் போகலாமா?
– இந்திரா நகர் வாசகர்

பதில்: ஊதா வழித்தடம் 2023 முதல் ஒயிட்ஃபீல்டு வரை போகிறது, வசதிதான். ஆனால் வேஷத்தைப் பையில் கொண்டுபோய் அங்கே மாற்றிக்கொள்வதே நல்லது. தோள் தகடு கதவில் இடிக்கும், கூட்டத்தில் நசுங்கும். வாள், துப்பாக்கி வடிவத்தில் எது இருந்தாலும், அது ஃபோமே ஆனாலும், சோதனையில் நிறுத்திக் கேட்பார்கள். பிடியும் அலகும் தனித்தனியாகக் கழலும்படி செய்யுங்கள். விழா வாசலிலும் ஆயுதச் சோதனை உண்டு; உலோகமும் கூர்முனையும் உள்ளே போகாது. போலீஸ், ராணுவ வேஷம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மேடையில் அணிவது குற்றமில்லை, ஆனால் நிஜம் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கத்தோடு அணிவது குற்றம். தெருவில் வரும்போது மேலே ஒரு ஜாக்கெட் போட்டு மூடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 43, எடை 94 கிலோ. ஆபீஸில் வேஷ தினம் வைத்திருக்கிறார்கள். வாடகைக் கடையில் எனக்குப் பொருந்துவது கிறிஸ்துமஸ் தாத்தா உடை மட்டுமே. கேலிப்பொருள் ஆகாமல் என்ன போடலாம்?
– மாரத்தஹள்ளி வாசகர்

பதில்: உடம்பை ஒட்டிய உடை எதுவும் வேண்டாம். பார்க்கிறவர் தூரத்திலிருந்தே ஆளை அடையாளம் காண்பது தலை, தோள், கை மூன்றையும் வைத்துத்தான். அங்கே கவனம் செலுத்தினால் வயிறு யார் கண்ணிலும் படாது. பெங்களூருவில் வேலை பார்க்கிறவருக்குக் கெம்பே கௌடாவைவிடப் பொருத்தம் வேறென்ன? 1537-இல் இந்த ஊரை எழுப்பியவர். விமான நிலையத்தில் நிற்கும் 108 அடிச் சிலையைப் பார்த்தே உடையை வரைந்து தையல்காரரிடம் கொடுத்துவிடலாம். முழங்கால் வரை வரும் வெள்ளை அங்கி, 44 அங்குல அகலப் பருத்தித் துணியில் உங்கள் உடம்புக்கு நாலரை மீட்டர். மார்புச் சுற்றளவுக்கு மேல் 10 செ.மீ. தளர்வு கேளுங்கள். சாட்டின் பளபளப்புக்கு மயங்காதீர்கள். வியர்வைத் திட்டு முதலில் தெரிவது அதில்தான். இடைக்கச்சை 3 மீட்டர் நீளம். தொப்புளுக்குக் கீழே கட்டினால் வழுக்கி இறங்கும். தொப்புள் மட்டத்தில் கட்டி, முதுகுப் பக்கம் அங்கியோடு ஒரு கொக்கி தைத்துவிடுங்கள்.

தலைப்பாகையில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஐந்து மீட்டர் மல் துணி, லேசாகக் கஞ்சி போட்டது. பாலியஸ்டர் வழுக்கும். நீளவாக்கில் மடித்து ஒரு சாண் அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். வெறுந்தலையில் கட்டாமல், தலைக்குப் பொருந்தும் துணித் தொப்பி ஒன்றின் மேல் கட்டுங்கள். ஒவ்வொரு சுற்றும் முன்னதைப் பாதி மறைத்தபடி, நெற்றியில் ஒரு முறை வலமிருந்து, ஒரு முறை இடமிருந்து ஏறட்டும். கடைசி முனையைச் செருகியதும் ஊசி நூலால் பத்துப் பன்னிரண்டு இடத்தில் தொப்பியோடு தைத்துவிட்டால், மதியம் சாப்பிடக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி அப்படியே மாட்டிக்கொள்ளலாம். பாரதியாருக்கும் இதே முறைதான், முனையில் ஒரு முழம் தோளில் தொங்கவிட்டால் போதும்.

கும்பகர்ணன் வேஷம் போட்டுத் தலையணையோடு வந்தாலும் கைதட்டல் நிச்சயம். ஆனால் அன்று உங்களிடம் யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள் என்று நம்பிவிட வேண்டாம்.

கேள்வி: கன்னட நண்பர்களோடு சேர்ந்து குருக்ஷேத்ர நாடகத்தில் சகுனியாக நடிக்கிறேன். இரண்டாவது காட்சியிலேயே தாடி கழன்றுவிடுகிறது. கழற்றிய பிறகு தோலெல்லாம் சிவப்பு.
– சிவாஜி நகர் வாசகர், வயது 51

பதில்: வேலைக்குப் போகிற பெரியவர்கள் பார்ட்டுக்குத் தாங்களே பணம் கட்டி, கிரீடமும் கதாயுதமுமாக விடிய விடிய நடிக்கும் வழக்கம் கர்நாடகத்தில் இன்றும் உண்டு. பெரியவர்களுக்கு வேஷம் எதற்கு என்று கேட்கிறவர்களை அங்கே ஒரு முறை கூட்டிக்கொண்டு போங்கள்.

தாடிக்கு வருவோம். முகத்துக்கு பான்கேக் (ஒப்பனைப் பூச்சு) பூசிய பிறகு பசை தடவுகிறீர்கள், அதுதான் கோளாறு. பசை பிடிப்பது பான்கேக்கை, தோலை அல்ல. வியர்த்ததும் இரண்டும் சேர்ந்தே உரிந்து வரும். முதலில் சவரம், அரை மணி ஓய்வு, ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காய்ந்த தோலில் ஸ்பிரிட் கம் (ஒப்பனை முடி ஒட்டும் பசை). மெல்லிசாகத் தடவி விரல் நுனியால் தட்டிக்கொண்டே இருங்கள். இழுபடும் பதம் வந்ததும் தாடியை வைத்து, பிசிறில்லாத ஈரத்துணியால் அழுத்துங்கள். தாடியும் மீசையும் ஒரே துண்டாக இருக்கக் கூடாது. பேசும்போது தாடை ஒரு பக்கமும் மேலுதடு ஒரு பக்கமும் இழுக்கும், ஓரத்தில் பிய்ந்துவிடும். கிரேப் முடியால் (ஒப்பனைக்கான சுருள் முடி) நீங்களே கட்டினால் மோவாய்க்கு அடியிலிருந்து ஆரம்பித்து, முன் மோவாய், கன்னம் என்று மேலே ஏறுங்கள், கூரை வேய்வதைப் போல. முடியை முன்கூட்டியே நனைத்துச் சுருள் போக்கிக் காயவைத்திருக்க வேண்டும். மற்ற முகத்துக்கு பான்கேக் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

சிவப்புக்குக் காரணம் பெரும்பாலும் பிய்த்து எடுப்பது. தேங்காய் எண்ணெயை ஓரங்களில் ஊறவிட்டு மூன்று நிமிடம் பொறுத்தால் தானாக நழுவும், பிறகு சோப்பு. அப்படியும் சிவந்தால் பசையே ஒத்துக்கொள்ளவில்லை. புதுப் பசையோ நிறமோ எதுவானாலும் முதல் நாளே முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து 24 மணி நேரம் பாருங்கள். பெவிகுவிக், போஸ்டர் கலர், அக்ரிலிக் மூன்றும் முகத்துக்கு ஆகவே ஆகாது. இன்னொன்று: யாராவது பழைய அரிதாரக் கட்டியைக் கொடுத்தால் தொடாதீர்கள். அந்த மஞ்சள் கல் ஆர்சனிக் கலந்த நஞ்சு.

கேள்வி: என் கணவர் குடியிருப்பு விழாவில் பெண் வேஷம் போடப் போகிறார். பிள்ளைகள் "மானம் போகும்" என்கிறார்கள்.
– பன்னர்கட்டா ரோடு வாசகி

பதில்: பிள்ளைகளைச் சைத்ர மாதப் பௌர்ணமியில் நடக்கும் கரகத் திருவிழாவுக்கு, நகரத்பேட்டை தர்மராய சுவாமி கோயிலுக்கு அழைத்துப் போங்கள். கரகம் சுமப்பவர் பெண் உடையில், வளையலும் மல்லிகையுமாகத்தான் வருவார். ஊரே ராத்திரி முழுக்க விழித்திருந்து கும்பிடும். ஔவையாராக நடித்தே 'அவ்வை' என்ற பட்டம் பெற்றவர் டி.கே. சண்முகம். மானம் போவது கேலியாகச் செய்தால்தான். நடையும் குரலும் மிகையில்லாமல் இருந்தால் சபை ஐந்து நிமிடத்தில் ஆணென்பதை மறந்துவிடும்.

விழாவுக்கு இரண்டு மணி நேரம் முன்பு சவரம். தாடி நிழல் நீலமாகத் தெரியும் இடத்தில் முதலில் ஆரஞ்சு நிறக் கன்சீலர், அதன் மேல் முகப்பூச்சு. நேரடியாகப் பூசினால் சாம்பல் பூத்த மாதிரி ஆகும். ரவிக்கையை உங்கள் அளவில் பெரிதாக்கித் தைக்காமல் அவர் முதுகு அகலத்துக்குத் தனியாக அளவெடுங்கள். ஆண் இடுப்பில் கொசுவம் நிற்காது. பக்கவாட்டில் இரண்டு மெல்லிய பஞ்சுப் பட்டை வைத்துத் தைத்த உள்பாவாடை கொடுங்கள்.

கேள்வி: 67 வயது. கொலுவுக்கு மீனாட்சி பட்டாபிஷேகக் காட்சி போடுகிறோம், நானே மீனாட்சி. முழங்கால் ஆபரேஷன் ஆனது; கிரீடம் வைத்தால் கழுத்து வலிக்கிறது. பேத்தியிடம் கொடுத்துவிடட்டுமா?
– மல்லேஸ்வரம் வாசகி

பதில்: கொடுக்க வேண்டாம் மாமி. பாரத்தைக் குறைத்தால் போதும். தகரக் கிரீடத்தை விட்டுவிட்டு 5 மி.மீ. ஃபோமில் செய்து ஜரிகை லேஸும் கல்லும் ஒட்டினால் 300 கிராமுக்குள் முடியும். உட்புறம் நெற்றியிலும் பக்கங்களிலும் பஞ்சு வைத்து, நாடாவைத் தாடைக்கு அடியில் கட்டாமல் பின்தலையில், கொண்டைக்குக் கீழே கட்டுங்கள். கிரீடத்தைவிடக் கழுத்தை அழுத்துவது ஈர ரோஜா மாலைதான். அதற்குப் பதில் நெட்டி மாலை போடுங்கள், எடையே தெரியாது. புடவையை முன்பே கொசுவம் வைத்துத் தைத்து, இடுப்பில் கொக்கி வைத்துக்கொண்டால் பாத்ரூம் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டாம். பெரியவர்கள் வேஷத்தில் மயக்கம் போடுவது பெரும்பாலும் அதனால்தான். கரை தரையிலிருந்து 5 செ.மீ. மேலே, காலில் ரப்பர் அடிச் செருப்பு, கைப்பிடி உள்ள நாற்காலி. கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் கேட்காதீர்கள். மீனாட்சிக்குக் கண்ணாடி உண்டா என்று கேட்கிறவர் படியில் உங்களைத் தாங்கிப் பிடிக்க வரமாட்டார்.

கேள்வி: ஆபீஸ் பார்ட்டிக்குக் காளி வேஷம் போடலாமா?
– கோரமங்களா வாசகி

பதில்: சட்டம் எதுவும் தடுக்காது. ஆனாலும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவில் ஆயிரக்கணக்கானோர் காளி முதல் குரங்கு, குறவன் வரை வேஷம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை வாங்குகிறார்கள். எல்லா வயதினரும் உண்டு. காளி வேஷக்காரர்கள் நாள் கணக்கில் விரதம் இருந்துதான் கிரீடத்தைத் தொடுகிறார்கள். அதே முகத்தைக் கோழி வறுவல் தட்டோடு பார்த்தால் உங்கள் சக ஊழியர் சிலருக்கு உறுத்தும். கண்ணகி, வேலு நாச்சியார், ஜான்சி ராணி என்று கோபக்காரிகளுக்கா பஞ்சம்?

கேள்வி: வாடகைக்கு எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– ஜெயநகர் வாசகர்

பதில்: பளேப்பேட்டைப் பக்கம் நாட்டிய, நாடகச் சாமான் கடைகள் உண்டு. வார நாள் காலையில் போங்கள். போட்டுப் பார்த்து உட்கார்ந்து, குனிந்து, கையைத் தூக்குங்கள். கிழிவது அக்குளும் தொடையிடுக்கும்தான். பக்கத் தையலில் உள்ளே இரண்டு அங்குலமாவது துணி விட்டிருந்தால் பிரித்துப் பெரிதாக்கலாம். ஏற்கெனவே இருக்கும் கறை, உதிர்ந்த கல் எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னாலேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முன்பணம் திரும்பும்போது பேச்சு வராது. விக்கையும் கிரீடத்தையும் நேரடியாகத் தலையில் வைக்காமல் சொந்தமாக ஒரு பருத்தித் துணி கட்டிக்கொள்ளுங்கள். பேனும் பொடுகும் வாடகைக் கணக்கில் சேராது.